பன்னிரண்டு பீஸ் செட்டில் எத்தனை பாத்திரம்?

கேள்வி: அண்ணா, தண்டையார்பேட்டையில் தனிக்குடித்தனம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மாடி போர்ஷன், நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா கொடுத்த மூன்று லிட்டர் குக்கரும் நாலைந்து எவர்சில்வர் பாத்திரமும் வைத்துச் சமாளிக்கிறேன். ஆடித் தள்ளுபடியில் 12 பீஸ் நான்ஸ்டிக் செட் ஒன்று 1,799 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள், அட்டையில் 5,999. வாங்கலாமா? மாமியார் "அதுல சமைச்சா கேன்சர் வரும், இரும்பும் மண்சட்டியும் வாங்கு" என்கிறார். வீட்டுக்காரர் "ஆறு மாசத்துல உரிஞ்சிடும்" என்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மீன் கட்டாயம். கல்யாணத்துக்கு வந்த இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றும் பிரிக்காமல் கிடக்கிறது. மொத்தத்தில் 3,000 ரூபாய்க்கு மேல் என்னால் போட முடியாது.

பதில்: வேண்டாம் தங்கச்சி, அந்த செட்டை விட்டுவிடுங்கள். ஆனால் மாமியார் சொன்ன காரணத்துக்காக இல்லை. வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடையும், ஓரமாகக் குக்கர், கைப்பிடி ரிப்பேருக்கு ஒரு மேஜையும் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான், இந்த மாதிரி செட் என் கடையிலும் தொங்குகிறது. ஒரு தவா, ஒரு ஃப்ரை பேன், ஒரு கடாய், ஒரு சின்ன சாஸ் பேன், ஒரு தாளிப்புக் கரண்டி. அடுப்பில் ஏறுவது இந்த ஐந்துதான். கடாய்க்கு ஒரு கண்ணாடி மூடி, அதுவும் ஒரு பீஸ். நைலான் கரண்டி ஐந்து, தேய்க்கிற நார் ஒன்று, ஆக பன்னிரண்டு. அந்த நைலான் கரண்டிகளைத் தனியாக வாங்கினால் பிளாட்பாரத்தில் சொற்பக் காசு. ஐந்து பாத்திரத்திலும் உங்கள் இரண்டு பேருக்கு தினமும் வேண்டியது எது என்று பாருங்கள், தவாவும் கடாயும் மட்டும்தான் தேறும். சாஸ் பேனில் டீ போடலாம், அதற்கு நான்ஸ்டிக் எதற்கு?

அட்டையில் போட்டிருக்கும் 5,999-ஐ மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு அதை யாரும் விற்றதும் இல்லை, வாங்கினதும் இல்லை. மலிவாக இருப்பது ஒரு குற்றமே இல்லை, நம்ம ஏரியாவில் மலிவு விற்காவிட்டால் நான் கடையையே மூட வேண்டியதுதான். ஆனால் விலை குறைந்தது என்றால் எங்கேயோ எதையோ குறைத்திருக்கிறார்கள், அது எங்கே என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அது நமக்குத் தேவையில்லாத இடம் என்றால் லாபம், தேவையான இடம் என்றால் நஷ்டம், அவ்வளவுதான் கணக்கு.

நான்ஸ்டிக் செட்டில் முதலில் கைவைப்பது கனத்தில். நல்ல தவா 3 மில்லிமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ இருக்கும். மலிவு செட்டில் 2-க்கும் கீழே வரும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், போடவே இல்லை என்றால் ஏன் போடவில்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும், எவர்சில்வரைவிடப் பதினைந்து மடங்கு போல வேகம். ஆனால் தகடு மெல்லிசாக இருந்தால் சூடு பக்கவாட்டில் பரவ இடமில்லை, பர்னர் வட்டம் எங்கே படுகிறதோ அங்கேயே தீயும். தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக இருப்பது இதனால்தான், மாவு மேல் பழி போடாதீர்கள். அப்புறம், மெல்லிசுத் தகடு சூட்டில் விரியும்போது நடு அடி உப்பிக்கொள்ளும். உப்பின தவாவில் எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும், நடுவில் காய்ந்து கோட்டிங் வேகும், அப்புறம் உரியும். உரிவதை எல்லோரும் கோட்டிங்கின் தரம் என்று நினைக்கிறார்கள். என் மேஜைக்கு வருகிற தவாக்களைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அடிதான் முதலில் போயிருக்கும்.

கடையில் வாங்கினால் இதைச் செய்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. தவாவைக் கண்ணாடி மேஜை மேல் வைத்து விளிம்பை ஒரு விரலால் அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம், புதுசிலேயே ஆடுவது அடுப்பில் ஏறின பிறகு நேராகாது. கவிழ்த்து வைத்து ஒரு ஸ்கேலை குறுக்கே வையுங்கள், நடுவில் மயிரிழை பள்ளம் இருக்கலாம், மேடு இருக்கக் கூடாது. கைப்பிடியைப் பிடித்து பாத்திரத்தை நீட்டித் தூக்குங்கள், தண்ணீர் ஊற்றித் தூக்கினால் இன்னும் நல்லது. ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிற பேக்கலைட் கைப்பிடி மூன்று மாதத்தில் சுற்ற ஆரம்பிக்கும், கொதிக்கிற எண்ணெயோடு கைப்பிடி சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ரிவிட்டாவது இருக்க வேண்டும், ரிவிட் தலை உள்பக்கம் கோட்டிங்கோடு சேர்ந்து மழுங்கலாக இருக்க வேண்டும். கூர்மையாக நீட்டிக்கொண்டு இருந்தால் அழுக்கு சேருகிற இடமும் அதுதான், கோட்டிங் முதலில் பெயருகிற இடமும் அதுதான். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இது எதுவும் வாய்க்காது, அதனால் பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், நசுங்கி வந்தால் திருப்பி அனுப்ப அது ஒன்றுதான் சாட்சி.

சரி, கேன்சர் விஷயம். உங்கள் மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் பயப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் காரணம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நான்ஸ்டிக் பூச்சு என்பது பி.டி.எஃப்.இ என்கிற ஒருவகை பிளாஸ்டிக், டெஃப்லான் என்று நாம் சொல்வது அதற்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்கிற வேதியியல்காரர் குளிர்பதன வாயு ஒன்றைத் தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. இதைத் தயாரிக்கும்போது பி.எஃப்.ஓ.ஏ என்று இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்து வந்தார்கள். புற்றுநோயோடு சம்பந்தப்பட்டது அந்த ரசாயனம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2023-ல் அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்றே வகைப்படுத்திவிட்டது. பெரிய கம்பெனிகள் அதற்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் நீங்கள் வாங்கும் எந்த நான்ஸ்டிக்கிலும் "பி.எஃப்.ஓ.ஏ இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பேர் ஊர் இல்லாத செட்டை ஒதுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பூச்சு உரிந்து ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போய்விட்டது என்றால் அது ஜீரணமாகாது, வந்த வழியே போகும், அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

உண்மையில் பார்க்க வேண்டியது சூடு. 260 டிகிரி தாண்டினால் அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும், 350-க்கு மேல் போனால் புகை விடும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு வலிக்கும். கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள், இந்தப் புகையில் பறவைகள் செத்துவிடும், நம்ம பக்கம் மாடி வீடுகளில் சமையலறை ஜன்னலிலேயே கூண்டு தொங்குகிறது. 260 டிகிரி என்றால் ஏதோ தொழிற்சாலைச் சூடு என்று நினைக்காதீர்கள். மெல்லிசு தவாவைக் காலியாக வைத்து கேஸை முழுசாகத் திறந்துவிட்டு, வாசலில் தண்ணி லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு இறங்கி ஏறினால் போதும், அந்தச் சூடு வந்துவிடும். தெர்மாமீட்டர் வேண்டாம், எண்ணெயே சொல்லும். ரீஃபைண்ட் கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் 230 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும், அந்தப் புகையைப் பார்த்தால் உடனே தீயைக் குறைக்க வேண்டும். நான்ஸ்டிக்குக்கு நடுத்தரத் தீ போதும், எப்போதுமே. நல்ல கனமான தவாவுக்கும் இதே சட்டம்தான்.

இதற்கு நடுவில் கிரானைட், மார்பிள், ஸ்டோன் என்று பேர் போட்டு விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் அதே பூச்சில் புள்ளி புள்ளியாக நிறம் தெளித்தது, கல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செராமிக் என்பது மட்டும் வேறே சரக்கு, பி.டி.எஃப்.இ கிடையாது, சூடும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வழுவழுப்பு சீக்கிரம் போய்விடும், ஒரு வருஷம் வந்தால் பெரிது. வெள்ளை வெளேர் என்று அழகாக இருக்கிறது என்று வாங்கி, இரண்டாவது மாதம் மஞ்சள் கறையோடு என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். மஞ்சள் போட்டுச் சமைக்கிற வீட்டில் வேறென்ன எதிர்பார்ப்பது.

இப்போது உங்கள் வீட்டு நிஜமான விஷயத்துக்கு வருவோம், மீன். வாரம் இரண்டு நாள் மீன் வைக்கிற வீட்டுக்கு நான்ஸ்டிக் கடாய் ஆகவே ஆகாது என்பது என் கட்சி. குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் காசிமேட்டிலிருந்து சங்கராவோ வஞ்சிரமோ வருகிறது, புளி கரைத்து, தக்காளி போட்டுக் குழம்பு வைக்கிறீர்கள். மீன் குழம்பு என்றால் அன்றைக்கே தீர்கிற சமாச்சாரமா? மிச்சம் வைத்து மறுநாள் காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்டால்தான் திருப்தி. அந்த இரவு முழுக்கப் புளியும் உப்பும் கடாயிலேயே கிடக்கும். பூச்சில் ஒரே ஒரு கீறல் இருந்தாலும் புளிப்பு அதன் வழியாக இறங்கிக் கீழே இருக்கும் அலுமினியத்தைத் தின்னும், பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வறுவல் இன்னும் மோசம். மசாலா தடவின மீன் ஒட்டாமல் வரும் என்பது உண்மைதான், அந்த ஒரு விஷயத்தில் நான்ஸ்டிக் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் மீனைத் திருப்ப கையில் எடுப்பது எது? தோசைத் திருப்பி. நைலான் கரண்டி தடியாக இருக்கும், மீன் உடையும், அதனால் இரும்புத் திருப்பிதான் கைக்கு வரும், ஒரு மாதத்தில் தவாவில் கோடு கோடாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஆறு மாதக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. பாத்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை, அதில் செய்கிற வேலைக்கு அது இல்லை.

குழம்புக்கு மண்சட்டி வாங்குங்கள். மாமியார் சொன்னதில் இது நூற்றுக்கு நூறு. விலையும் குறைவு, புளியோடு எந்தச் சண்டையும் போடாது, சூடும் நின்று நிதானமாக ஆறும். கொசப்பேட்டைப் பக்கம் போனால் குயவர்களிடம் கிடைக்கும், சந்தைகளிலும் கிடைக்கும். பளபளவென்று வண்ணப் பூச்சு அடித்தது வேண்டாம், அந்தப் பூச்சில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, சாதாரணச் செங்கல் நிறமோ கறுப்போ உள்ள சட்டி போதும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் விரிசல். வாங்கி வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், அப்புறம் அரிசி களைந்த தண்ணீரோ வடித்த கஞ்சியோ ஊற்றி மூன்று நான்கு நாள் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். அவசரப்பட்டு முதல் நாளே குழம்பு வைத்தால் மண்வாசனை மீனுக்கு ஏறும். கழுவும்போது சோப்பு போடாதீர்கள், சட்டி குடித்துவிட்டு அடுத்த குழம்பில் கக்கும். தேங்காய் நாரும் சுடுதண்ணீரும் போதும்.

தோசைக்கு இரும்புக் கல். இங்கேதான் மலிவு உங்களுக்கு உதவும், ஏனென்றால் இரும்பில் கெடுப்பதற்குப் பூச்சு இல்லை. வார்ப்பிரும்பு கனமாக இருக்கும், சூடு பிடிக்க நேரமாகும், பிடித்தால் விடாது, கீழே போட்டால் உடையும். தகட்டு இரும்பு லேசாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் மெல்லிசு எடுத்தால் அதுவும் வளையும். உங்களுக்கு வார்ப்பிரும்பில் பத்து இன்ச் சரியாக இருக்கும். புதுக் கல்லில் துருப்பிடிக்காமலிருக்க ஏதாவது எண்ணெயோ மெழுகோ தடவியிருப்பார்கள், சோப்பு போட்டு ஒரு தடவை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அப்புறம் கஞ்சித் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கழுவித் துடைத்து, அடுப்பில் காயவைத்து நல்லெண்ணெய் தடவுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டு, வெங்காயம் வதக்கி, இரண்டு ஆம்லெட் போட்டு, அதன் பிறகு தோசைக்கு வாருங்கள். முதல் நாலைந்து தோசை பிய்யத்தான் செய்யும், பிய்ந்தால் கல்லைத் திட்டாதீர்கள்.

நம்ம ஊரில் இரும்புக்கு ஒரு எதிரி உண்டு, கடற்காற்று. அண்ணா நகரில் ஒரு வாரம் தாங்குகிற கல் நம்ம தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இரண்டு நாளில் செம்பழுப்பாகிவிடும். கழுவின கையோடு துடைத்து, அடுப்பில் ஒரு நிமிஷம் வைத்து ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். தொட்டிக்கு அடியிலோ ஜன்னல் ஓரத்திலோ மாட்டாதீர்கள். துரு வந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, கல் உப்பு போட்டுத் தேய்த்து மறுபடி பழக்கினால் சரியாகிவிடும், நான்ஸ்டிக்கில் இந்த மறுவாழ்வு கிடையாது. இன்னொன்று, தோசைக் கல்லில் மீன் வறுக்காதீர்கள். வறுத்தால் நாலு நாள் தோசை எழும்பாது, எழும்பினாலும் மீன் வாசனையோடு எழும்பும். மீனுக்கென்று ஒரு சின்ன இரும்புக் கல் தனியாக வைத்துக்கொள்வது வடசென்னையில் பாதி வீடுகளில் இருக்கிற பழக்கம்தானே. புளிக்குழம்பை இரும்பில் வைக்கவும் வேண்டாம், கறுத்துவிடும், வாயில் காசு வைத்த மாதிரி சுவை வரும்.

பொரியல், உப்புமா, பால் இதற்கெல்லாம் எவர்சில்வர். இதைச் செட்டாக வாங்காதீர்கள், எடைக்கு வாங்குங்கள். சவுகார்பேட்டையில் மின்ட் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, எடை போட்டு விற்கிற கடையில் வாங்கினால் மெல்லிசுத் தகட்டுக்குக் கனமான விலை கொடுக்க வேண்டி வராது. அடி கனமான கடாய் என்று கேளுங்கள், அடியில் அலுமினியத் தகட்டைப் பொதித்து மூடியிருப்பார்கள், சாண்ட்விச் பாட்டம் என்பார்கள், எவர்சில்வர் தானாகச் சூட்டைப் பரப்பாது, அந்தத் தகடுதான் அடிப்பிடிக்காமல் காப்பாற்றும். ட்ரை-பிளை என்று விளிம்பு வரை மூன்று அடுக்காக வருவது இதைவிட ஒசத்தி, ஆனால் உங்கள் மூவாயிரத்துக்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

ரகத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 304 என்று சொல்வதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும், 18/8 என்று போட்டிருப்பதும் அதுதான். 202 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலை குறைவு. சமைக்க இரண்டுமே ஆகும், ஆனால் உங்கள் வீட்டில் போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா? போர் தண்ணீர் என்றால் நம்ம பகுதியில் உப்பாகத்தான் இருக்கும், அந்தத் தண்ணீரில் 202 சீக்கிரம் துருப்புள்ளி விடும். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள், 202-லும் ஒட்டாது. பாத்திரத்தில் 304 என்று பொறித்திருக்கிறதா, பில்லில் எழுதித் தருவார்களா, இந்த இரண்டையும் கேளுங்கள். எந்த ரகமானாலும் பச்சைத் தண்ணீரில் உப்பைப் போட்டு அடுப்பில் வைக்காதீர்கள், உப்பு அடியில் உட்கார்ந்து ஊசி குத்தின மாதிரி குழி விழும், கொதித்த பிறகு போடுங்கள்.

மலிவுதானே என்று தெருமுனையில் வண்டியில் வைத்து விற்கிற பேர் இல்லாத அலுமினியக் கடாய், ஹிண்டாலியம் சட்டி பக்கம் போகாதீர்கள், முக்கியமாகப் புளி, தக்காளி சமையலுக்கு. பழைய இரும்புக்கடைக்குப் போகிற என்ஜின் பாகங்கள், கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கி வார்த்தால் அதில் காரீயம் கலந்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே இந்தியாவிலிருந்து போன சில அலுமினியப் பாத்திரங்களில் சமைத்தால் உணவில் காரீயம் இறங்குகிறது என்று எச்சரிக்கை விட்டது. குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனையில் இருக்கும் வீட்டில் காரீயத்தோடு விளையாடக் கூடாது, அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மாமியாரின் பயத்தை நான்ஸ்டிக்கிலிருந்து இறக்கி இங்கே வைத்தால் பொருத்தமாக இருக்கும். அலுமினியத்தை முழுசாக ஒதுக்கச் சொல்லவில்லை, உங்கள் குக்கரும் அலுமினியமாகத்தான் இருக்கும், பேர் போன கம்பெனி, ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் சாதத்துக்கும் பருப்புக்கும் தாராளமாக ஓடட்டும். குக்கருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம், எண் ஐஎஸ் 2347. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கும் ஐஎஸ்ஐ கட்டாயம் என்று 2024-ல் மத்திய அரசு ஆணை போட்டது. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று ஒரு எண் இருக்கும், ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் என்கிற ஆப்பில் அதைத் தட்டினால் யாருடைய லைசென்ஸ், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம், நிமிஷ வேலை.

இனி காசு. விலை கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் ஒரு உத்தேசம் சொல்கிறேன். வார்ப்பிரும்பு தோசைக்கல்லுக்கு 700, 800 எடுத்து வையுங்கள். அடி கனமான எவர்சில்வர் கடாய் இரண்டு லிட்டர் அளவில் ஆயிரத்தை ஒட்டி வரும். மண்சட்டி மூடியோடு 300. மீன் வறுக்கச் சின்னத் தகட்டுக் கல் 250 போல. மீதி இருக்கிற 600, 700-ல் ஆசை இருந்தால் ஒரே ஒரு சின்ன நான்ஸ்டிக் ஃப்ரை பேன், தெரிந்த கம்பெனியில், 3 மில்லிமீட்டர் என்று எழுதினதாகப் பார்த்து வாங்குங்கள். முட்டைக்கும் பனீருக்கும் அவசரத்துக்கு நன்றாக இருக்கும், நான் அதற்கு விரோதி இல்லை. மரக்கரண்டி, நடுத்தரத் தீ, மெல்லிய ஸ்பாஞ்ச், இந்த மூன்றோடு இருந்தால் இரண்டு மூன்று வருஷம் வரும். சூடாக இருக்கும்போது குழாயடியில் காட்டினால் சுர்ர் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அடி வளைவது அப்போதுதான். சபீனாவும் கம்பி நாரும் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது, வேலைக்கு ஆள் வைத்திருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கும்போது நடுவில் ஒரு பழைய துணி. பூச்சு போன பிறகு திரும்பப் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், என்னிடமும் கேட்கிறார்கள், நான் செய்வதில்லை, என்ன மருந்து பூசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த மாதம் கல்லும் சட்டியும், அடுத்த மாதம் கடாய். வாசலுக்கே வந்து வாரத் தவணையில் கொடுக்கிறவர்களிடம் வாங்குவது சுலபமாகத் தெரியும், ஆனால் மொத்தம் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். யாரிடம் வாங்கினாலும் பில் வாங்குங்கள், பில் இல்லாத பாத்திரத்துக்கு வாரண்டி அட்டை வெறும் அட்டைதான். ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

செட்டே வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம், சிலருக்கு அது சரிதான். மணலியிலோ எண்ணூரிலோ வேலைக்கு வந்து ஒரு வருஷம் ரூம் எடுத்துத் தங்குகிற பையன், முட்டையும் உப்புமாவும் தவிர வேறு தெரியாதவன், போகும்போது தூக்கிப் போட்டுவிட்டுப் போகப் போகிறவன், அவனுக்கு 1,799 செட் லாபம். உங்களைப் போல மீனும் புளியுமாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இல்லை.

கடைசியாக அந்த இண்டக்‌ஷன் அடுப்பு. நீங்கள் பார்த்த செட்டில் "இண்டக்‌ஷன் பேஸ்" என்று போட்டிருந்ததா என்று எழுதவில்லை, போடாமலிருந்தால் அதில் எதுவும் வேலை செய்யாது, வெறும் அலுமினியத்தை அந்த அடுப்பு கண்டுகொள்ளாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். கடாயின் அடியில் பச்சென்று ஒட்டினால் ஓடும், நடுவில் மட்டும் ஒட்டி ஓரத்தில் வழுக்கினால் நடுவில் மட்டும்தான் சூடாகும். எவர்சில்வர் என்றாலே ஓடும் என்று நினைக்க வேண்டாம், சிலதில் மேல்பாகம் ஒட்டாமல் அடி மட்டும் காந்தம் ஒட்டுகிற மாதிரி செய்திருப்பார்கள், அப்படி இருந்தால் போதும். மண்சட்டி அதில் ஆகாது. இரும்புக் கல் ஓடும், ஆனால் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும். எடுத்த எடுப்பில் 2,000 வாட்டில் வைக்காதீர்கள், நடு மட்டும் சட்டென்று காய்ந்து வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும், 800-ல் ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிஷம் கழித்து ஏற்றுங்கள்.